தேங்காய்ப்பொடி, ஓட்டல், சினிமா: ஒரு பணத்தின் பயணம்

2024 பிப்ரவரி 15. மேற்கு டெல்லி, பசாய் தாராபூரில் ஒரு கிடங்கு. சத்துமாவு, தேங்காய்ப்பொடி என்ற பெயரில் வெளிநாட்டுக்குச் சரக்கு தயாராகிக்கொண்டிருந்தது. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவான என்சிபியும் டெல்லி போலீசின் சிறப்புப் பிரிவும் சேர்ந்து உள்ளே புகுந்தபோது சிக்கியது 50 கிலோ சூடோஎபிட்ரின். அங்கேயே மூன்று பேர் கைதானார்கள். மூவருமே தமிழ்நாட்டுக்காரர்கள்.

அந்தக் கிடங்கில் பிடிபட்ட நூலைப் பற்றிக்கொண்டு அதிகாரிகள் வந்து நின்ற இடம், மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம். அங்கே குடியிருந்தவர் ஒரு சினிமா தயாரிப்பாளர், ஓட்டல் முதலாளி, திமுகவின் சென்னை மேற்கு மாவட்ட அயலக அணித் துணை அமைப்பாளர். பெயர் ஜாபர் சாதிக். செய்தி வெளியான கையோடு, பிப்ரவரி 25 அன்று கட்சி அவரை நீக்கியது. சாந்தோம் வீட்டைச் சோதனை போட்ட என்சிபி சீல் வைத்துவிட்டுப் போனது. அதற்குள் ஆள் தலைமறைவு. மார்ச் 9 அன்று கைது.

கைதான அன்றே டெல்லியில் செய்தியாளர்களைச் சந்தித்த என்சிபி, தன் தரப்புக் கணக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் 45 தடவை சரக்கு போயிருக்கிறது. மொத்தம் சுமார் 3,500 கிலோ. சர்வதேசச் சந்தையில் அதன் மதிப்பு 2,000 கோடி ரூபாய்க்கு மேல். போய்ச் சேர்ந்த நாடுகள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. தேங்காய்ப்பொடிக்குள் மறைத்து இப்படி ஒரு பொருள் வருகிறது என்று முதலில் துப்புக் கொடுத்ததே அந்த நாடுகளின் அதிகாரிகள்தான். அமெரிக்காவின் போதைத் தடுப்பு அமைப்பு, சரக்கு டெல்லியிலிருந்து கிளம்புகிறது என்று கை காட்டியது.

இவை எல்லாம் இன்றுவரை குற்றச்சாட்டுகள். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. இந்தப் பதிவை வாசிக்கிறவர்கள் கடைசி வரி வரைக்கும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால், விசாரணை அமைப்புகள் சொல்லும் கதையின் அமைப்பை மட்டும் எடுத்துப் பார்த்தாலே, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் தொழில் சென்னை மாதிரி ஒரு நகரத்தில் எப்படிக் குடியேறும் என்பது புரிந்துவிடும். அதைப் புரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால், இந்தத் தொழிலில் பாதி வேலையை, தெரியாமலேயே, ஊரில் இருக்கும் நாம்தான் செய்து கொடுக்கிறோம்.

மூக்கடைப்பு மருந்து

சூடோஎபிட்ரின் ஒன்றும் மர்மமான பொருள் இல்லை. சளி பிடித்து மூக்கடைத்தால் கொடுக்கும் மாத்திரைகளில் பல காலமாக இருந்துவந்த மருந்துதான். அதை வைத்து மெத்தாம்பெட்டமைன் என்ற கொடிய போதைப்பொருளைத் தயாரிக்க முடியும் என்பதுதான் சிக்கல். அதனால் இந்தியாவில் அதை உற்பத்தி செய்யவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் கட்டுப்பாடு உண்டு. நியூசிலாந்து ஒரு படி மேலே போய், 2011-ல் அதை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாதபடி செய்தது. அங்கே கிடைப்பது அருகியதும் வெளியிலிருந்து கடத்திக்கொண்டு போவதில் லாபம் கொட்ட ஆரம்பித்தது.

‘பிரேக்கிங் பேட்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், மறுபக்கம் மெத் காய்ச்சுகிறார். ஆரம்பத்தில் அவர் பயன்படுத்துவது இதே சூடோஎபிட்ரின்தான். காசு குவிந்த பிறகு அவரும் அவர் மனைவியும் ஒரு கார் வாஷ் கடையை விலைக்கு வாங்குகிறார்கள். வராத கார்களுக்கும் பில் போட்டு, கையில் இருக்கும் கட்டுகளைக் கடையின் கல்லாவில் சேர்த்துவிடுகிறார்கள். ‘ஓசார்க்’ தொடரில் ஆடிட்டர் மூளையோடு வரும் கதாநாயகன் ஏரிக்கரையில் ஒரு விடுதியைப் பிடிக்கிறான்.

இந்தத் தொடர்களை நாம் ரசிப்பது, மாட்டிக்கொள்வானா மாட்டானா என்ற பதைப்பில். ஆனால் அவை சரியாகப் பிடித்த விஷயம் வேறு. நல்ல முகம் என்பது கெட்ட முகத்தை மறைக்கப் போட்ட திரை இல்லை. பணம் நிறம் மாறுவதே அந்த நல்ல முகத்துக்குள்தான். கடை உண்மையிலேயே திறந்திருக்க வேண்டும். ஆட்கள் உண்மையிலேயே வேலை பார்க்க வேண்டும். வரி உண்மையிலேயே கட்டியாக வேண்டும். இரட்டை வாழ்க்கையின் இரண்டு பாதியும் நிஜம். ஒன்று இல்லாமல் இன்னொன்று நடக்காது.

கட்டு நோட்டு எப்படிக் கணக்குக்கு வரும்?

கையில் ஒரு கோடி ரூபாய் ரொக்கமாக இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அதை என்ன செய்ய முடியும்? பலசரக்கு வாங்கலாம், ஓட்டலில் சாப்பிடலாம். வீடு வாங்க முடியாது. வங்கியில் ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போட்டால் பான் எண் கேட்பார்கள். ஒரு மாதத்தில் 10 லட்சத்தைத் தாண்டினால் வங்கி தானாகவே டெல்லியில் உள்ள நிதி உளவுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பிவிடும். 2017-லிருந்து எந்த ஒரு பரிவர்த்தனைக்கும் 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தப்பு. சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் ரொக்கம் கைமாறினாலே பிரச்சினை. அந்த விதி 2015 ஜூன் முதல் இருக்கிறது.

அதனால் பணம் மூன்று கட்டமாக நகர்கிறது. முதலில், ரொக்கத்தை ஏதாவது ஒரு வழியில் கணக்குக்குள் நுழைக்க வேண்டும். வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இதன் சின்ன வடிவம் அத்துப்படி. திங்கள்கிழமை 49,000, செவ்வாய்க்கிழமை 48,500, புதன்கிழமை வேறு கிளையில் 49,500 என்று ஒரே ஆள் கட்டிக்கொண்டே போவார். பெரிய வடிவத்துக்குத்தான் தொழில் தேவைப்படுகிறது. அடுத்த கட்டம், அந்தப் பணத்தைப் பல கம்பெனிகள், பல உறவினர்கள் பெயரில் சுற்றவிட்டு ஆதி எது அந்தம் எது என்று தெரியாமல் செய்வது. கடைசிக் கட்டத்தில் அது வீடாக, காராக, மனையாக, படமாக, மரியாதையாக வெளியே வந்து நிற்கும்.

முதல் கட்டத்துக்கு ஓட்டல் எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். முப்பது அறை இருக்கும் லாட்ஜில் ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டு அறைதான் நிரம்பியது என்று வைத்துக்கொள்வோம். ரிசப்ஷன் லெட்ஜரில் இருபத்தெட்டு என்று எழுதினால் கேட்க யார் இருக்கிறார்கள்? தங்காத பதினாறு பேரின் வாடகை, கல்லாவில் ரொக்கமாக விழும். அதற்கு ஜிஎஸ்டியும் வருமான வரியும் ஒழுங்காகக் கட்டப்படும். வரி கட்டிய ரசீதுதான் அந்தப் பணத்தின் பிறப்புச் சான்றிதழ். அதிகாரி வந்து கேட்டால், "சார், பிசினஸ் நல்லா போகுது" என்று ஃபைலை எடுத்து நீட்டலாம். இது உலகம் முழுக்க அறியப்பட்ட வழிமுறை. குறிப்பிட்ட எந்த ஓட்டலையும் பற்றிய விவரம் அல்ல.

நகரத்துக்குள் வராமல் வெளிநாட்டிலேயே நிற்கும் பணத்துக்கு வேறு வழி. அங்கே ஒருவரிடம் டாலரைக் கொடுத்தால், இங்கே இன்னொருவர் ரூபாயாகக் கொண்டுவந்து வீட்டில் தருவார். ஹவாலா, உண்டியல் என்று ஊர் அறிந்த ஏற்பாடு. எல்லையைத் தாண்டிப் பணம் எதுவும் நகராது, கணக்கு மட்டும் நேராகும். வெளிநாட்டில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் சாதாரண மனிதர்களின் காசும் கடத்தல் காசும் இந்த வழியில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்தெடுப்பது விசாரணை அதிகாரிகளுக்குப் பெரும் தலைவலி.

கோடம்பாக்கம் ஏன் தோதான இடம்?

என்சிபி வழக்கின் அடிப்படையில் அமலாக்கத்துறை சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கைப் பதிவு செய்தது. 2024 ஏப்ரல் 9 அன்று சென்னையிலும் வெளியூர்களிலும் ஒரே நேரத்தில் சோதனை. தி.நகரில் இயக்குநர் அமீரின் அலுவலகத்துக்கும் அதிகாரிகள் போனார்கள். ஜாபர் சாதிக் தயாரிப்பில் ‘இறைவன் மிகப் பெரியவன்’ என்ற படத்தை அமீர் இயக்கிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு டெல்லியில் என்சிபி அவரை விசாரித்திருந்தது. ஜாபரின் மறுபக்கம் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்பது அமீரின் நிலைப்பாடு. ஜாபரின் ஜேஎஸ்எம் பிக்சர்ஸ் பெயரில், கயல் ஆனந்தி நடித்த ‘மங்கை’ என்ற படமும் தயாரானது.

2024 ஜூனில், ஏற்கெனவே திகார் சிறையில் இருந்த ஜாபர் சாதிக்கை அமலாக்கத்துறையும் கைது செய்தது. செப்டம்பரில் சொத்து முடக்கம். 55.30 கோடி ரூபாய் மதிப்பு. ஜேஎஸ்எம் ரெசிடென்சி ஓட்டல், ஒரு சொகுசு பங்களா உட்பட 14 அசையாச் சொத்துகள், ஜாகுவார், மெர்சிடிஸ் உள்ளிட்ட 7 கார்கள். கடத்தலில் வந்த பணம் சினிமா, ஓட்டல், சரக்குப் போக்குவரத்து என்று பல தொழில்களில், குடும்பத்தார் பெயரிலும் பினாமிகள் பெயரிலும் இறக்கப்பட்டது என்பது அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு.

சினிமா ஏன் இந்தப் பட்டியலில் அடிக்கடி வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கோடம்பாக்கத்தில் ஒரு படம் எடுக்கக் கையில் ரொக்கம் இல்லாமல் முடியாது. தினமும் சாயங்காலம் பேட்டா எண்ணிக் கொடுக்க வேண்டும். ஜெனரேட்டர், யூனிட் வண்டி, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், லொகேஷன் வாடகை என்று நூறு செலவு. எந்தச் செலவு உண்மையில் எவ்வளவு என்று வெளியாள் யாருக்கும் தெரியாது. ஒரு செட்டுக்கு 40 லட்சம் ஆனதா, ஒரு கோடி ஆனதா? சொல்லக்கூடியவர் தயாரிப்பாளர் மட்டுமே. படம் ஓடினால் லாபம் என்று காட்டலாம். ஓடாவிட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை, ஏனென்றால் ஓடாத படம்தான் அதிகம்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதுதான் வருத்தமானது. நேர்மையான தயாரிப்பாளருக்கு இங்கே பணம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வங்கி கதவைத் திறக்காது. தனியார் பைனான்சியரிடம் வாங்கினால் வட்டி கழுத்தைப் பிடிக்கும். ரிலீசுக்கு முந்தின ராத்திரி வரைக்கும் பஞ்சாயத்து. அப்படிப்பட்ட தொழிலில், கடன் வாங்காமல் கைக்காசோடு ஒருவர் வந்து, "பட்ஜெட் பற்றிக் கவலைப்படாதீங்க" என்று சொன்னால், எந்த இயக்குநர்தான் அவருடைய வருமான வரிக் கணக்கைக் கேட்பார்? பத்து வருஷமாக உதவி இயக்குநராக இருந்து, முதல் படத்துக்குக் காத்திருக்கும் பையன் கேட்பானா? அவன்மேல் குறை சொல்வது நியாயம் இல்லை. வழக்கு வந்ததும் படம் பாதியில் நின்றால், அதில் சம்பளம் பாக்கியோடு நிற்பவர்களும் லைட்மேன், மேக்கப்மேன், எடிட்டிங் உதவியாளர் போன்றவர்கள்தான்.

மும்பை இந்தப் பாடத்தை முன்பே படித்தது. ‘சோரி சோரி சுப்கே சுப்கே’ படத்தின் பின்னால் நிழலுலகப் பணம் இருக்கிறது என்ற வழக்கில் வைர வியாபாரியும் பட பைனான்சியருமான பரத் ஷா 2001 ஜனவரியில் கைதானார். நிழலுலகத் தொடர்பு பற்றித் தெரிந்தும் போலீசிடம் சொல்லாமல் மறைத்தார் என்று 2003-ல் அவருக்கு ஓராண்டு தண்டனை விதிக்கப்பட்டது. சினிமாவைத் தொழிலாக அங்கீகரிப்பதாக 1998-லேயே மத்திய அரசு அறிவித்திருந்தது. வங்கிக் கடன் கிடைத்தால் நிழலுலகப் பணத்தின் தேவை குறையும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. இந்திக்கு ஓரளவு பலன் கிடைத்தது. தமிழில் நடுத்தர பட்ஜெட் படம் எடுப்பவர்களுக்கு அந்தக் கதவு இன்றும் முக்கால்வாசி மூடித்தான் கிடக்கிறது.

ஹாலிவுட்டுக்கும் விதிவிலக்கு இல்லை. பங்குச்சந்தை மோசடி பற்றிய ‘தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ 2013-ல் வந்தது. அந்தப் படத்தைத் தயாரித்த பணமே மலேசியாவின் 1எம்டிபி அரசு நிதியிலிருந்து திருடப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறை 2016-ல் வழக்குப் போட்டது. தயாரிப்பு நிறுவனமான ரெட் கிரானைட்டை நடத்தியவர்களில் ஒருவர் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் மனைவியின் மகன். 2018-ல் அந்த நிறுவனம் 6 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மலேசியத் தமிழர்களும் சேர்ந்து கட்டிய வரிப்பணம் ஹாலிவுட் கேமராவுக்குள் போய்வந்திருக்கிறது என்பதுதான் இதன் அர்த்தம்.

மேடைகளும் படங்களும்

ஜாபர் சாதிக் விஷயம் வெடித்ததும் சமூக வலைத்தளங்களில் முதலில் பரவியவை அவர் பிரபலங்களோடு நிற்கும் படங்கள். அமைச்சர்களோடு, கட்சிப் பிரமுகர்களோடு, சினிமாக்காரர்களோடு. காவல்துறையோடும் ஒன்று இருந்தது. சென்னை நகரில் குற்றங்களைக் கண்காணிக்க, பொதுமக்கள் உதவியோடு சிசிடிவி பொருத்தும் திட்டத்துக்கு அவர் 10 கேமராக்கள் வாங்கிக் கொடுத்திருந்தார். படம் சர்ச்சையானதும் காவல்துறை விளக்கம் வெளியிட்டது. அந்தக் கேமராக்கள் கழற்றப்பட்டு, அவர் தரப்பு வழக்கறிஞரிடமே ஒப்படைக்கப்பட்டன.

இந்தப் படங்களை வைத்து எதிர்க்கட்சிகள் அன்றைய ஆளுங்கட்சியான திமுகவைச் சாடின. ஆளுங்கட்சி, யாரோடு யார் படம் எடுத்துக்கொண்டாலும் அதற்குப் பொறுப்பேற்க முடியாது என்ற ரீதியில் பதில் சொன்னது. அரசியல் சண்டை அந்த அளவில் ஓய்ந்துபோனது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி கட்சி பேதம் இல்லாதது. நன்கொடை தருகிறவரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் வழக்கம் எந்தக் கட்சியில் இருக்கிறது? எந்தக் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டியில், எந்தச் சங்கத்தில், எந்தப் பள்ளி ஆண்டுவிழாவில் இருக்கிறது? சால்வை போட்டு, மேடையில் முதல் வரிசை கொடுத்து, "சமூக சேவகர்" என்று நோட்டீசில் அச்சடிக்கிறோம். அடுத்த முறை அவர் ஒரு வங்கி மேனேஜரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டீசும் கூடவே போகிறது. மனை விற்கிறவர் அவர் முகத்தைப் பார்த்ததும் தயங்காமல் அட்வான்ஸ் வாங்கிக்கொள்கிறார். கணக்கில் வராத பணத்துக்கு முதலில் தேவைப்படுவது கணக்கில் வருகிற மரியாதை, அதை ஊர் இலவசமாகவே கொடுத்துவிடுகிறது.

மரியாதையின் மேல் கட்டிய நம்பிக்கை என்ன ஆகும் என்பதற்கு அதே மயிலாப்பூரில் வேறு வகையான உதாரணம் ஒன்று இருக்கிறது. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-ல் ஆரம்பித்த நிறுவனம். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள குடும்பங்களில் தாத்தா போட்டார், அப்பா போட்டார், நாமும் போடுவோம் என்று மூன்று தலைமுறை டெபாசிட் போட்டு வந்தார்கள். ரிட்டயர்மென்ட் பணம், பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த பணம், விதவைத் தாயின் மாதாந்திர வட்டி எல்லாம் அங்கேதான். 2024-ல் வட்டி வரவில்லை, முதிர்வுத் தொகைக்குக் கொடுத்த காசோலைகள் திரும்பி வந்தன. ஆகஸ்ட் 13 அன்று, அதன் தலைவராக இருந்த தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தார்கள். ஒரு தொலைக்காட்சி சேனலை நடத்தியவர், ஒரு கட்சியின் தலைவர். அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் சிவகங்கையில் பாஜக கூட்டணி வேட்பாளர். பாதிக்கப்பட்டவர்கள் 5,000 பேருக்கு மேல், தொகை 525 கோடி என்று செய்திகள் வந்தன. அந்த வழக்கும் நீதிமன்றத்தில்தான் இருக்கிறது.

இதில் கடத்தலும் இல்லை, டெல்லி கிடங்கும் இல்லை. இரண்டு வழக்குகளையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. ஆனால் சென்னை இரண்டிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது. மனிதரின் மேடையைப் பார்த்தோம், புத்தகக் கணக்கைப் பார்க்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்கள் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு காவல்துறை அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள். அவர்கள் எதையும் பேராசைப்பட்டுப் போடவில்லை. வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டியும் 150 ஆண்டுப் பெயரும் போதும் என்று நினைத்தவர்கள்.

கைதுக்குப் பிறகு

திரில்லர் படத்தில் விலங்கு மாட்டியதும் டைட்டில் ஓட ஆரம்பித்துவிடும். நிஜத்தில் கடினமான பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2005 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. சாதாரணமாக 3 முதல் 7 ஆண்டு சிறை. போதைப்பொருள் தொடர்பு இருந்தால் 10 ஆண்டு வரை போகலாம். ஜாமீன் கிடைப்பது கடினம், ஏனென்றால் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். குற்றத்தில் வந்த பணம் இல்லை என்று காட்ட வேண்டிய சுமையும் பெருமளவு குற்றம்சாட்டப்பட்டவர் தலையில்தான். 2022 ஜூலை 27-ல் விஜய் மதன்லால் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரங்களை ஏற்றுக்கொண்டது. கூடவே முக்கியமான இன்னொன்றையும் சொன்னது. மூலக் குற்றத்தில் ஒருவர் விடுதலை ஆகிவிட்டால், அதை வைத்துத் தொடுத்த பணப் பரிமாற்ற வழக்கும் நிற்காது. சாந்தோம் வழக்கிலும் அதே நிலைதான். டெல்லியில் 50 கிலோ சூடோஎபிட்ரின் வழக்கு என்ன ஆகிறது என்பதில்தான் 55 கோடி ரூபாய்ச் சொத்தின் கதியும் தொங்குகிறது.

இவ்வளவு கடுமையான சட்டத்தால் கிடைத்த பலன் எவ்வளவு? 2024 ஆகஸ்டில் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. 2014 முதல் பத்தாண்டுகளில் அமலாக்கத்துறை பதிவு செய்த பணப் பரிமாற்ற வழக்குகள் 5,297. தண்டனை கிடைத்தவை 40. அடுத்த நாளே உச்ச நீதிமன்றம், வழக்கு நடத்தும் தரத்திலும் ஆதாரத்தின் தரத்திலும் கவனம் வையுங்கள் என்று அமலாக்கத்துறைக்கு அறிவுறுத்தியது. எதிர்க்கட்சிகளை மிரட்டவே இந்தச் சட்டம் பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு இந்த எண்ணிக்கை வலு சேர்க்கிறது. உண்மையான கடத்தல்காரனுக்கும் இதே எண்ணிக்கை தைரியம் கொடுக்கிறது. இரண்டு விதத்திலும் நஷ்டம் மக்களுக்கு.

ரெய்டு நாளில் காட்டிய கட்டு நோட்டின் படம் எல்லோர் போனிலும் இருக்கும். ஐந்து வருஷம் கழித்து வரும் தீர்ப்பு எட்டாம் பக்கத்தில் ஒரு பத்தி. ஊடகத்தில் வேலை பார்ப்பவர்கள் இதை மாற்றலாம். வழக்கை அதன் முடிவு வரைக்கும் பின்தொடர ஒரு நிருபரை ஒதுக்கினாலே போதும். அப்போது நிரபராதிக்கும் நியாயம் கிடைக்கும், குற்றவாளிக்கும் ஒளிய இடம் இருக்காது.

ஜாபர் சாதிக்குக்கு என்சிபி வழக்கில் டெல்லி சிறப்பு நீதிமன்றம் 2024-லேயே ஜாமீன் கொடுத்தது. அமலாக்கத்துறை வழக்கில் 2025 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கும் அவருடைய சகோதரருக்கும் ஜாமீன் கொடுத்தது. விசாரணை இனி ஆவணங்களின் மேல் நடக்க வேண்டும்: எந்தத் தேதியில், எந்தக் கணக்கில், யார் பெயரில், எவ்வளவு. பார்வையாளர்களை ஈர்க்காத வேலை. ஆனால் இரட்டை வாழ்க்கை என்ற குற்றச்சாட்டு நிற்பதும் விழுவதும் அந்தக் காகிதங்களில்தான்.

அதுவரை காத்திருக்காமல் ஊர் செய்யக்கூடியவை சில உண்டு. 2023 மே மாதத்திலிருந்து, வாடிக்கையாளர் சார்பில் சொத்து வாங்கிக் கொடுப்பது, கணக்கைக் கையாள்வது, கம்பெனி தொடங்கித் தருவது போன்ற வேலைகளைச் செய்யும் ஆடிட்டர்களும் கம்பெனி செக்ரட்டரிகளும் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டார்கள். சந்தேகத்துக்கு இடமான பரிவர்த்தனையைத் தெரிவிப்பது அவர்கள் கடமை. பெரிய தொகை ரொக்கம் வாங்கும் நகைக்கடைகளுக்கும் 2020 டிசம்பர் முதல் அதே கடமை உண்டு. தி.நகர் உஸ்மான் ரோட்டில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அதை ஒரு தொல்லையாக நினைக்காமல் இருந்தாலே நிறைய மாறும். தயாரிப்பாளர் சங்கம் ஒரு படத்தின் டைட்டிலைப் பதிவு செய்யும்போதே முதலீடு எந்த வங்கிக் கணக்கிலிருந்து வருகிறது என்று ஒரு பக்கம் எழுதி வாங்கலாம். திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சி, தன் உறுப்பினர்களின் சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லிப் போராடலாம். படம் நின்றுபோனாலும் பாக்கியைக் கேட்க அந்தத் தொழிலாளிக்கு அப்போது ஓர் ஆவணம் இருக்கும். அடையாறிலோ மயிலாப்பூரிலோ பூர்வீக வீட்டை விற்கிறவர்கள், "பாதி ஒயிட், பாதி பிளாக்" என்று புரோக்கர் சொன்னதும் முழுத்தொகையும் வங்கி வழியாகத்தான் வேண்டும் என்று சொல்லலாம். விலை கொஞ்சம் குறையலாம், வாங்குகிறவர் வேறு வீடு பார்க்கப் போகலாம். ஆனால், கையில் வருகிற பணம் யாருடைய பிள்ளையைக் கெடுத்துச் சம்பாதித்தது என்ற சந்தேகம் இல்லாமல் அந்த வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியும்.